அடித்ததற்கு ஒரு வணக்கம்

மனிதத் தலை ஒன்றின் விலை, சுற்றுக்கு நானூறு. ஒரு சுற்று என்பது மூன்று நிமிடம்.

கோச் முந்நூற்றைம்பதில் ஆரம்பித்தார். அம்மி ஐந்நூறு என்றான். "உன் தலை என்ன, நேத்து வாங்கின தலையா? பதினஞ்சு வருஷம் ஓடின வண்டி" என்றார் கோச். "ஓடின வண்டிதான் சார் நடுவழியில நிக்காது" என்றான் அம்மி. ஆளுக்கொரு டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சு நானூறில் வந்து உட்கார்ந்துவிட்டது. பத்து நாள், நாளுக்கு மூன்று சுற்று, ஆக மொத்தம் முப்பது. தலைக்கவசம் அவர்களுடையது, தலை இவனுடையது.

அம்மி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பெரிய போட்டிக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர்கள் அடித்துப் பழகுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் சுவரொட்டியில் வராது, படம் எங்கும் வராது. யார் வேண்டுமானாலும் வந்து தன் மிளகாயை அரைத்துக்கொண்டு போகலாம், கல் மட்டும் இடத்தை விட்டு அசையக் கூடாது. எவனோ ஒருவன் அம்மி என்று கூப்பிட்டான், ஒட்டிக்கொண்டது. அரைக்க அரைக்கக் கல்லும் குழிந்துகொண்டே வரும் என்பதைப் பெயர் வைத்தவன் யோசித்திருக்க மாட்டான். இப்போது அம்மிக்கு முப்பத்தெட்டு வயது.

இந்த முப்பது சுற்றோடு கடையை மூடுவதாக முடிவாகியிருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மச்சான் கடையில் வேலை. குழாய், வால்வு, நட்டு, போல்ட்டு விற்கிற கடை. அங்கே எந்தச் சாமானிலும் விலை ஒட்டியிருக்காது. "விலையை ஒட்டி வச்சா வர்றவன் விலையைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். நானும் அவன் மூஞ்சியைப் பார்த்து விலை சொல்ல முடியாது" என்பது மச்சானின் வியாபார சாஸ்திரம். எழுநூற்றுச் சொச்சம் சாமான். ஒவ்வொன்றுக்கும் வாங்கின விலை, சொல்கிற விலை, இறங்குகிற விலை என்று மூன்று. அத்தனையும் கடைக்காரனின் மண்டைக்குள் இருக்க வேண்டும்.

"மாப்ள, நீங்க வேற ஒண்ணும் கொண்டு வர வேணாம்" என்று மச்சான் சொல்லியிருந்தார். "தலையை மட்டும் முழுசாக் கொண்டு வாங்க. மிச்சமெல்லாம் கடையில இருக்கு."

சிக்கலே அந்தத் தலையில்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கடப்பாரை என்று பெயர் பெற்ற ஒரு முரட்டுக் குத்துச்சண்டைக்காரனிடம் அம்மி வேலைக்குப் போயிருந்தான். கடப்பாரைக்குத் தற்காப்பு என்ற பேச்சே கிடையாது. ஒன்று வாங்குவான், வாங்கின கையோடு ஒன்று கொடுப்பான். அந்தக் கொடுக்கலில் ஒன்று அம்மியின் காதுக்கு மேலே வந்து விழுந்தது. அடுத்த வாரம் வீட்டுச் சாவி குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது, செருப்பு அலமாரியில் இருந்தது. மனைவி அவனை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க" என்றார் டாக்டர்.

நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அங்கே நின்றுவிட்டது. எழுபத்தொன்பதுக்குக் கீழே ஏதோ ஒன்று இருப்பது தெரிகிறது, இருட்டில் படி தட்டுப்படாத மாதிரி காலை நீட்டி நீட்டித் தேடுகிறான், கிடைக்கவில்லை. டாக்டர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் மனைவியிடம்தான்.

அன்றிலிருந்து அவள் பரீட்சை வைக்க ஆரம்பித்தாள். பக்கத்து விடுதியின் விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் துவைத்துக் காய்ந்து அவள் கைக்குத்தான் மடிக்க வரும். தினமும் சாயங்காலம் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ம், ஆரம்பிங்க" என்பாள். ஓய்வு எடுக்க எடுக்க எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இப்போது கடைசி வரை இறங்கி, அதற்குமேல் ஏழு கழிக்க முடியாத இரண்டில் போய் நிற்க அவனுக்கு நான்கு தலையணை உறை மடிக்கிற நேரம் போதும்.

கடைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று. முன்பணம்தான் குறைந்தது. அதனால்தான் இந்த முப்பது சுற்றுக்கு அவள் தலையாட்டினாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"தெரியாம விழுந்தா விழட்டும், அது தொழில். தெரிஞ்சு ஒண்ணு வாங்கினீங்கன்னா அப்புறம் எங்கிட்ட பேசாதீங்க."

"தெரிஞ்சு எவனாவது வாங்குவானா?"

"உங்களைத்தான் சொல்றேன்."

*

பயிற்சிக்கூடம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருந்தது. இருபத்திரண்டு படி. ஏறும்போதே அமிலத்தின் நெடி, மேலே போனால் நனைந்த கையுறையின் நெடி, இரண்டும் சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் இரண்டு இரண்டு படியாகத் தாவுவான். இப்போது பதினோராவது படியில் நின்று, கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவதாகப் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொண்டான்.

அவனை அடிக்கப் போகிறவன் மேலே காத்திருந்தான். முப்பத்து மூன்று வயது. எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். குத்துச்சண்டைக்கு வந்து இரண்டே வருடம். அதற்கு முன்னால் பரம்பரையாக வந்த ஒரு சண்டைக் கலையைப் பதினோரு வருடம் சொந்தக் கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன். கூடம் இப்போதும் ஜேஜே என்று நடக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறார்.

ரிங்குக்குள் நுழையும் முன் மாஸ்டர் கயிற்றுக்குத் தலை குனிந்து ஒரு வணக்கம் போட்டான். உள்ளே வந்து நான்கு மூலைக்கும் போட்டான். கோச்சுக்கு ஒன்று, அம்மிக்கு ஒன்று. விட்டால் எச்சில் துப்புகிற வாளிக்கும் ஒன்று வைப்பான் போலிருந்தது.

"முடிஞ்சுதா, இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?" என்றார் கோச்.

மணி அடித்ததும் அம்மிக்கு விளங்கிவிட்டது, இது வேறு சரக்கு. குத்துச்சண்டைக்காரனின் கை தாடைக்குப் பக்கத்திலிருந்து புறப்படும், அதற்கு ஒரு முகவரி உண்டு. இவன் கை இடுப்பிலிருந்து வந்தது. வாசலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து சமையலறையில் நிற்பதுபோல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடி உள்ளே வந்து நின்றது. ஆள் நிற்பதும் நேராக நிற்கவில்லை, கதவிடுக்கில் நுழைகிறவன் மாதிரி பக்கவாட்டில் நின்றான். அடிக்க இடமே தெரியவில்லை. அவ்வப்போது பின்னங்கால் எதையோ நினைத்துக்கொண்டு தரையிலிருந்து லேசாக எழும்பும். "கால்!" என்று கோச் அதட்டுவார். கால் திட்டு வாங்கின மாதிரி கீழே இறங்கிவிடும்.

முதல் நாள் மூன்று சுற்று முடிந்ததும் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, கையுறைக்குள் சுற்றியிருந்த கைப்பட்டியைப் பிரித்தார்கள்.

"உங்க கூடம் நல்லா நடக்குதுங்கறாங்க. அப்புறம் எதுக்கு மாஸ்டர் இந்த வம்பு?" என்று கேட்டான் அம்மி.

"எங்க கலையில அடி, தோலைத் தொடறதுக்கு ஒரு அரிசி அளவு முன்னாடி நிக்கணும்ணே. அப்படி நிறுத்தறதுதான் வித்தை. சின்ன வயசுல இருந்து நிறுத்திக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் தோணுச்சு, நிறுத்தாம விட்டா என்ன ஆகும்னு."

"நானூறு ஆகும்" என்றான் அம்மி.

மாஸ்டருக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. அப்புறம் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தான். கூச்சப்படுகிறவனின் சிரிப்பு.

*

மூன்றாம் நாள் முதல் சுத்தமான அடி விழுந்தது. சுத்தமான அடி என்றால் கையுறையில் உரசாமல், தோளில் வழுக்காமல், நேரே தாடைக்கு வந்து சேர்வது. இந்த மாதிரி அடி வாங்கினவனுக்கு எதிரில் இருப்பவன் தெரிய மாட்டான். கூரை தெரியும், இல்லாவிட்டால் சொந்த அம்மா தெரிவாள். அம்மிக்கு மட்டும் இந்த விஷயத்தில் பதினைந்து வருட அனுபவம். வெளிச்சம் போனாலும் இடம் தெரிந்தவன் வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி, அந்த வெள்ளைப் புகைக்குள்ளும் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகியிருந்தான்.

புகைக்குள் அவன் பார்த்தது இது: மாஸ்டரின் மோவாய் மெல்ல மார்புக்கு இறங்கியது. கண் தரையைப் பார்த்தது. ஒரு இமைப்பொழுதுதான். பிறகு முகம் நிமிர்ந்தது, கை ஏறியது, ஒன்றும் நடக்காதது போல் ஆட்டம் தொடர்ந்தது.

தன் மண்டைதான் மறுபடி கோளாறு பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

நான்காம் நாள் சுத்தமாக இரண்டு விழுந்தது. இரண்டு தடவையும் மோவாய் இறங்கியது. ஐந்தாம் நாள் ஒன்று. அதற்கும் இறங்கியது. கையில் பட்டதற்கும் தோளில் பட்டதற்கும் இல்லை. சுத்தமாக விழுந்ததற்கு மட்டும்.

அன்றைக்குக் கைப்பட்டியைப் பிரிக்கும்போது அம்மி எதையோ விசாரிக்கிற மாதிரி கேட்டான். "உங்க கலையில அடி அரிசி அளவுல நிக்கும்னீங்களே. தப்பித்தவறிப் பட்டுட்டா?"

"பட்டுட்டா அடிச்சவன் உடனே தலை குனியணும். அது சட்டம்."

"மன்னிப்பு கேக்கறதா?"

"மன்னிப்பு இல்லண்ணே, நன்றியும் இல்ல." மாஸ்டர் சொல் தேடினான். "எதிர்ல நிக்கறவர் தன் உடம்பை நம்பி நம்மகிட்ட கொடுத்திருக்காரு. அதுல ஒரு சேதம் பண்ணிட்டோம். ஆமாம், பண்ணினேன்னு ஒத்துக்கறது. அவ்வளவுதான்."

அம்மி பட்டியைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். பதினைந்து வருடத்தில் எத்தனையோ பேர் அவனை அடித்திருக்கிறார்கள். முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவன் பழைய சைக்கிள்கூடக் கொடுத்தான். சேதம் பண்ணினேன் என்று ஒத்துக்கொண்டவன் ஒருவனும் இல்லை. இவன் ஒத்துக்கொள்கிறான். ஒத்துக்கொள்வது இவனுக்கே தெரியவும் இல்லை.

சாயங்காலம் எண்ணிக்கை முடிந்ததும் (நாலரை உறை, பரவாயில்லை என்றாள்) மனைவியிடம் சொன்னான். தானாக வந்த மரியாதையைச் சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அடிச்சதுக்கு வணக்கமா?" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து எத்தனை வணக்கம் வரணும், கணக்குப் போடுங்க."

சிரித்தான். அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றாள். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வந்தார்கள். பாதி மடிப்பில் அவள் நின்றுவிட்டாள்.

"அவருக்குச் சண்டை யாரோட?"

"கடப்பாரையோட."

"அடி வாங்கினதும் அடிக்கறவன்தானே அவன்?"

"ம்."

"அப்ப இவர் குனியற நேரத்துலதானே அவன் கை வரும்?"

 மூன்று நாளாக அம்மியும் இதைத்தான் யோசிக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தான். அவள் விரிப்பைப் பிடுங்கிக் குவியலில் வைத்தாள்.

"நாளைக்கே சொல்லிடுங்க."

"நம்ப மாட்டாங்க."

"நம்பலைன்னா அது அவங்க பாடு. சொல்றதோட உங்க வேலை முடிஞ்சுது."

*

சொல்லவில்லை. ஆறாம் நாள் உடம்பு அசதியாக இருந்தது. ஏழாம் நாள் கோச்சுக்குக் கோபம், கிட்டே போக முடியவில்லை. இப்படி இரண்டு நாளைக்கு இரண்டு சாக்கு கிடைத்தது, இரண்டு சுத்தமான அடியும் கிடைத்தது, இரண்டு வணக்கமும் வந்தது. உண்மையான காரணம் அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் சரி செய்துவிடுவார்கள். அந்த மோவாய் அப்புறம் இறங்காது.

எட்டாம் நாள் காலையில் பல் துலக்கும்போது குழாய்க்கு என்ன பெயர் என்று ஒரு கணம் தெரியவில்லை. தண்ணீர் வருகிறது, கையால் திருகுகிறான், பெயர் மட்டும் வரவில்லை. இனி ஆயுளுக்கும் விற்கப் போகிற சாமான். வந்துவிட்டது, வராமல் போகவில்லை. ஆனாலும் கடப்பாரையின் கை காதுக்கு மேலே இறங்கிய அந்த மத்தியானம் அவனுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. அவன் அதை நிமிர்ந்த தலையில் வாங்கினான், அதற்கே எழுபத்தொன்பது. குனிந்த தலையில் வாங்குகிறவன் தொண்ணூற்று மூன்றைக்கூடப் பார்க்க மாட்டான்.

அன்றைக்கும் ஒரு சுத்தமான அடி, அதற்கும் ஒரு வணக்கம். மூன்று சுற்றும் முடிந்ததும் கோச்சிடம் போய்ச் சொன்னான்.

கோச் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தை ஓட்டினார், பின்னால் ஓட்டினார், மறுபடி ஓட்டினார். "எங்கய்யா குனியறான்? கையும் காலும்தான் தெரியுது."

"உங்க பக்கத்துல இருந்து பார்த்தா தோள் மறைக்கும் சார். என் பக்கத்துல இருந்துதான் தெரியும்."

"உன் பக்கத்துல இருந்து பார்க்கணும்னா நான் அடி வாங்கணும்."

"அதுக்குத்தான் சார் நானூறு."

கோச்சுக்குச் சிரிப்பு வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பாரு, தப்பா எடுத்துக்காத. உன் தலை எந்த நிலைமையில இருக்குன்னு எனக்கும் நாலு பேர் சொல்லித்தான் இருக்காங்க. இன்னும் ஆறு ரவுண்டு. பேசாம முடிச்சுட்டுப் போ."

மாஸ்டர் தண்ணீர்ப் புட்டியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தான். முகத்தில் நிஜமான வருத்தம். "நானா குனியறேன்? அதையெல்லாம் விட்டு ரெண்டு வருஷமாச்சுண்ணே. பட்ட உடனே குனியாதே, கையை ஏத்துன்னு கோச் என்னை எத்தனை தடவை ஓட விட்டிருக்காரு."

பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் குறட்டை விடுகிறவனிடம் போய்ச் சொன்னால் அவன் இப்படித்தான் சத்தியம் பண்ணுவான்.

மனைவி சொன்ன கணக்குப்படி அம்மியின் வேலை அங்கே முடிந்துவிட்டது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினான். கீழே பேட்டரிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இருபத்திரண்டு படியும் ஏறினான், பதினோராவதில் நிற்காமல். மேலே வந்தபோது வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஒண்ணு தெரிஞ்சே வாங்கறேன் சார். மாஸ்டர் குனிஞ்சாருன்னா ஒண்ணு திருப்பிக் கொடுப்பேன். குனியலைன்னா சும்மா வாங்கினதா இருக்கட்டும். அதுக்குத் தனி ரேட்டு. ஆயிரம்."

"எழுநூறு" என்றார் கோச், பழக்க தோஷத்தில்.

"ஆயிரம் சார். இதுல பேரம் கிடையாது."

அம்மி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கோச் கேட்டதே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, ஏன் சரி என்றோம் என்பது போல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஒன்பதாம் நாள். இருபத்தாறாவது சுற்று.

வலது கையுறையைத் தாடையிலிருந்து இரண்டு விரல் அகலம் இறக்கினான். கடையின் இரும்புக் கதவைப் பாதி ஏற்றி வைப்பது மாதிரி. உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்று சாத்தவும் இல்லை. மாஸ்டர் கெட்டிக்காரன், சட்டென்று நுழைய மாட்டான். ஒரு தடவை பார்த்தான். இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தான். மூன்றாம் தடவை இடுப்பிலிருந்து கை புறப்பட்டது.

வருவது தெரிந்து நிற்பது எவ்வளவு நீளமான காரியம் என்று அம்மிக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாமல் வாங்கினால் அடி மட்டும்தான். தெரிந்து வாங்கினால் அடிக்கு முன்னால் ஒரு முழு நாளே ஓடுகிறது. மனைவியின் கை, தலையணை உறையின் நான்கு மூலை, மச்சான் கடையின் பித்தளை வால்வு, எல்லாம் வரிசையாக வந்து போயின.

விழுந்தது. சத்தம்தான் முதலில். அப்புறம் நாக்கில் இரும்பு ருசி. அப்புறம் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் கண்ணை மூடாமல் காத்திருந்தான், பேருந்துக்கு நிற்கிறவனைப் போல, வந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையில்.

மோவாய் இறங்கியது.

இடது கையை வளைத்து விட்டான். பெரிய வேகமில்லை. முப்பத்தெட்டு வயதுக் கைக்கு உள்ள வேகம்தான். குனிந்த தலைக்கு அதுவே போதுமாக இருந்தது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்தான். விழவில்லை, யாரோ உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்தான்.



"உங்க ஷூ லேஸ்" என்றான் மாஸ்டர், தரையிலிருந்தே. "பச்சை லேஸ். இடது கால்ல ஒரு முடிச்சு அதிகமாப் போட்டிருக்கீங்க. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்ணே. அடிச்சுட்டு எதுக்கு நான் உங்க லேஸைப் பார்க்கணும்?"

கோச் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார், விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். அப்புறம் அம்மியிடம் திரும்பினார். அதட்டல் எல்லாம் போயிருந்தது.

"நம்பறேன்யா. எவ்வளவுன்னு பேசினோம்?"

அம்மி வாயைத் திறந்தான். பேசினது ஞாபகம் இருந்தது. எங்கே நின்று பேசினோம், கோச் எந்தச் சட்டையில் இருந்தார் எல்லாம் இருந்தது. எண் மட்டும் இல்லை. எண் இருந்த இடத்தில் அந்த வெள்ளைதான் இருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றான்.

பதினைந்து வருடத்தில் விலையை எதிராளியிடம் விட்டது அதுதான் முதல் தடவை. கோச்சின் கை சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது, பாதியில் கொஞ்சம் தயங்கியது. "எழுநூறு" என்றார்.

"ஆயிரம் சார்" என்றான் மாஸ்டர், இன்னும் தரையில் உட்கார்ந்தபடியே. "ஆயிரம்னுதான் பேசினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

கோச் யார் முகத்தையும் பார்க்காமல் ஆயிரத்தை எண்ணினார்.

அன்று வீட்டில் அம்மி தலைவலி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மனைவி குவியலிலிருந்து அவனைப் பார்த்தாள். "சரி, நாளைக்கு ரெண்டு நாளுக்கும் சேர்த்து" என்றாள்.

*

பத்தாம் நாள் மாஸ்டர் கயிற்றுக்கு வணக்கம் போடவில்லை. மூலைகளுக்கும் போடவில்லை. இரவெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, அடித்து அடித்துத் தன் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். கழுத்து வலிக்கிறது என்றான்.

முப்பதாவது சுற்று. ஒரு நிமிடம் பாக்கி இருக்கும். அம்மிக்குக் கால் கனத்துவிட்டது. கை தானாகவே இறங்கியது, இந்தத் தடவை யாரும் இறக்கவில்லை. இடுப்பிலிருந்து வந்தது, சுத்தமாக விழுந்தது.

வெள்ளைக்குள் காத்திருந்தான். தெரிந்துகொள்ளத்தான் காத்திருந்தான் என்று சொல்லிக்கொண்டாலும், பாதி ஆசைக்காகவும்தான்.

மோவாய் இறங்கவில்லை. இரண்டு கண் அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது, திறந்து, ஈரமில்லாமல், அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டு. இரண்டாவது கை வந்து அவன் தோளில் மோதியது. அம்மி ஒரு முழங்காலை மடித்துத் தரையில் ஊன்றினான்.

"அதான்!" என்று கோச் கத்தினார். "அதான்யா வேணும்!"

மணி அடித்தது. மாஸ்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான். கண்ணில் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டிருந்தான். எதிரே நின்று, குதிகாலைச் சேர்த்து, மெல்லத் தலை குனிய ஆரம்பித்தான்.

அம்மி முழங்காலில் இருந்தபடியே கையுறையை நீட்டி அந்த மோவாயைத் தடுத்தான்.

"வேணாம் மாஸ்டர். சண்டைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கு. இப்ப குனிஞ்சா உடம்புக்கு மறுபடி ஞாபகம் வந்துடும்."

"உங்களுக்கு மட்டும்ணே. ஒரே ஒரு தடவை."

"என் பேர்ல பாக்கியா எழுதி வச்சுக்குங்க" என்றான் அம்மி.

*

மனைவி விடுதித் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மி சட்டையைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தான். அவள் அவன் தாடையைப் பார்த்தாள், கேட்கவில்லை.

"ம், ஆரம்பிங்க."

"நூறு. தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு." அவள் ஒரு உறையை மடித்து வைத்தாள். "எழுபத்தொம்பது."

நின்றது. அவள் கையும் நிற்கப் பார்த்தது, நிற்க விடாமல் அடுத்த உறையை எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"எழுபத்தி ரெண்டு" என்றான். "அறுபத்தஞ்சு."

பிறகு மெதுவாக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினான். ஐம்பத்தெட்டில் கொஞ்சம் நின்றான். முப்பதில் நெற்றியைத் தேய்த்தான். பதினாறு, ஒன்பது, இரண்டு. அவள் பக்கத்தில் மடித்த உறைகள் பதினொன்று இருந்தன.

"தெரிஞ்சு வாங்கினீங்களா?"

"ஒண்ணு."

 பேசாதீங்க என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள், இப்போது அவளே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவன் பக்கம் வீசினாள். பிடித்துக்கொண்டான். மடித்து மடித்து நெருங்கி வந்தபோது, அவன் கையிலிருந்து முனையை வாங்காமல் அப்படியே ஒரு நிமிடம் நின்றாள்.

"எங்க அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "கொஞ்ச நாளைக்கு விலையெல்லாம் ஒரு தாள்ல எழுதி, கல்லாவுக்குள்ள யாருக்கும் தெரியாம ஒட்டி வச்சுக்குவீங்கன்னு."

மச்சான் கொடுத்தனுப்பிய தாள் மேசை மேல் இருந்தது. முன்பக்கம் முழுக்க வால்வும் நட்டும். அம்மி அதைத் திருப்பினான். இதுவரை எதையும் எழுதி வைத்துக்கொண்டவனில்லை. அவன் கணக்கு எல்லாம் தலையோடுதான். இதையும் தலையில் விட்டு வைத்தால் என்றைக்காவது எழுபத்தொன்பதுக்குக் கீழே விழுந்து காணாமல் போய்விடும். பென்சிலைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினான்.

சுற்று முப்பது.
சுத்தமான அடி ஒன்பது.
வந்த வணக்கம் எட்டு.
வர வேண்டியது ஒன்று.